சேனைகளின் கர்த்தர் மேல் சுண்ணாம்பு

பாலையூற்று,
2024 யூலை 9

மச்சாளுக்கு,

தோத்திரம் சொல்லித் தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். வரவில்லை. மூன்று நாளாகப் போன் எடுக்கிறேன், நீங்கள் தூக்குவதில்லை. அதனால் எழுதுகிறேன். பெயர்ப்பலகை எழுதும் மூதூர் ஹஸ்மி தினமும் டவுனுக்கு வந்து போகிறவர், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போனைத் தூக்காத கைக்குக் கடிதத்தை வாங்காமலிருக்க ஏலாது.

கேட்க இருப்பது ஒன்றுதான். வேத வசனத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க உங்களுக்கு அதிகாரம் தந்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை போதகரும் கமிற்றி ஆட்களும் நானும் சம்பூர் ஜெபவீட்டைப் பார்க்க வந்தோம். கதவு திறந்து கிடந்தது, உங்களைக் காணவில்லை. பிரசங்க பீடத்துக்குப் பின்னால் ஹஸ்மி இரண்டு நாள் சாரம் கட்டி ஏறி நின்று நீலத்தில் எழுதிய வசனம், 'சேனைகளின் கர்த்தர் நம்மோடிருக்கிறார்.' முதற்சொல்லைக் காணவில்லை. மிச்சம் இரண்டு சொல் சுவரின் வலப்பக்கம் ஒதுங்கி, பஸ்ஸில் இடம் கிடைக்காத ஆட்கள் மாதிரி நிற்கிறது. போதகர் மழை ஒழுக்கு என்று நினைத்தார். நான் போய்த் தடவிப் பார்த்தேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது. மழை சுண்ணாம்பு அடிக்காது மச்சாள். கதவுத் திறப்பு உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது.

அந்த வசனத்தை மாதர் சங்கம் கூடித் தெரிவு செய்தது. செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியதும் நான். சேனை என்றால் என்ன என்று எட்டாம் வகுப்போடு நின்ற நானே தேடிப் படித்திருக்கிறேன். வானத்துத் தூதர்கள், சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், எல்லாமே அவருடைய சேனைதான். அவ்வளவு பெரியவர் இந்தச் சின்ன வீட்டில் நம்மோடிருக்கிறார் என்பதுதான் அர்த்தம். துவக்குத் தூக்கிச் சுட்டவர்களை நினைத்துப் பயப்பட நீங்கள் என்ன சின்னப்பிள்ளையா?

ஓகஸ்ட் 25 ஜெபவீட்டுப் பிரதிஷ்டை. அதற்கு முன் ஹஸ்மி வந்து திரும்ப எழுதுவார். இன்னொரு தரம் கை வைத்தால் கமிற்றி திறப்பை வாங்கிவிடும், என்னால் தடுக்க ஏலாது. என் அண்ணாவின் மனைவி என்பதால்தான் போதகரிடம் 'ஓம், மழைதான்' என்றேன். அந்தப் பொய்யும் உங்களால்தான் என் தலையில்.

ஜெஸ்மின்


சம்பூர்,
யூலை 11

ஜெஸ்மின்,

எனக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. நான்தான் அடித்தனான். போதகரிடம் அப்படியே சொல்லுங்கள். ஒரு பூச்சுப் போதவில்லை, அடுத்த நாள் இன்னொரு பூச்சும் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் என் வீட்டுக்குள்தான் இருந்தேன். உங்கள் எல்லாரின் முகத்தையும் பார்க்க விருப்பமில்லை.

நீங்கள் தொட்டிலிலேயே வேதம் கேட்டு வளர்ந்தவர். நான் பத்தொன்பது வயதில் உங்கள் அண்ணாவைக் கட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் வந்தவள். மேய்ப்பர் என்றார், பிதா என்றார், அடைக்கலம் என்றார். எல்லாப் பேரையும் ஏற்றுக்கொண்டேன். இந்தப் பேர் வரும்போது மட்டும் அவர் வாசிப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கிவிடுவார், பிள்ளை சிந்துஜனைக் கொண்டுபோன நாளிலிருந்து தான் கண்ணை மூடும்வரை.

சேனை என்னவென்று எனக்குச் சொல்லித் தருகிறீர்கள். கேளுங்கள், நானும் சொல்லித் தருகிறேன். 2006இல் ஒரு சேனை என் வாசலுக்கு வந்து, "வீட்டுக்கு ஒரு பிள்ளை தாங்கோ அம்மா" என்றது. சிந்துஜனுக்குப் பதினெட்டு வயது, சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான். கொப்பியை மூடாமல் எழும்பிப் போனான். அடுத்து வந்த அரசாங்கத்துச் சேனை பிள்ளை கேட்கவில்லை, ஊரையே கேட்டது. ஓடினோம். மூன்று வருடம் கழித்து, அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்த இரண்டாவது சேனையிடம் போனதைக் கண்டேன் என்று ஒரு மனுஷி சொன்னா. அதோடு சரி. அவன் பிணமுமில்லை, ஆளுமில்லை. இப்போது முப்பத்தாறு வயது நடக்கிறது.

வானத்துச் சேனையாம், நட்சத்திரமாம். நட்சத்திரம் என்றால் நட்சத்திரம் என்று எழுதியிருக்கலாமே? நீங்கள் மாதம் ஒருக்கா வான் வண்டி பிடித்து வந்து போகிறவர்கள். நாளுக்கு இரண்டு தரம் அந்தச் சுவருக்குக் கீழே முழங்காலில் நிற்கிறவள் நான். கண்ணைத் திறந்தால் அந்தச் சொல். ஆண்டவரும் அவர்களில் ஒருவர்தான், பெரிய அதிகாரி என்று எழுதி வைத்தது மாதிரி.

ஹஸ்மி உங்கள் கடிதத்தைத் தந்துவிட்டுச் சொன்னார், "அக்கா, எழுதினது நான், அழிச்சது நீங்க. எனக்குத்தான் கோவம் வரோணும். நீங்க ரெண்டு பேரும் என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறீங்க?" அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். உங்களுக்குக் கொடுக்கமாட்டேன்.

திறப்பை வாங்க வேண்டுமென்றால் நீங்களே வாருங்கள். கமிற்றியை அனுப்ப வேண்டாம்.

கமலேஸ்வரி


பாலையூற்று,
யூலை 15

மச்சாள்,

சிந்துஜனை நான் மறந்தேன் என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். என் அண்ணாவின் பிள்ளை அவன். அவனுக்காக நான் உபவாசம் இருந்த வெள்ளிக்கிழமைகள் உங்களுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் உங்கள் துக்கத்துக்காக ஆண்டவருடைய பெயரை வெட்டிக் குறைக்க ஏலாது. இன்று உங்களுக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. நாளைக்குப் புருஷனிடம் அடி வாங்குகிற ஒருத்தி வந்து 'பிதா' பிடிக்கவில்லை என்பாள், அதற்கும் சுண்ணாம்பா? கடைசியில் வெறும் சுவர்தான் மிஞ்சும்.

என்னிடம் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. வேதத்தில் இந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் பதினொரு வருடமாகக் குறித்து வருகிறேன். அதிகாரம், வசனம், சொன்னது யார், யாருக்கு, என்ன நேரத்தில் என்று பக்கத்தை ஐந்தாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கிறேன். சமைத்து முடித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்கு முன் கிடைக்கிற நேரத்தில் எழுதியது. பொழுதுபோக்குக்கு இல்லை. அந்தப் பெயரால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நம்புகிறவள்.

உங்களுக்குச் சொன்னதில்லை. அந்த 2006இல், பட்டப்பகலில், துறைமுகப் பக்கமிருந்து ஒவ்வொரு தரம் வெடிக்கும்போதும் எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். இரண்டு பிள்ளைகளையும் மேசைக்குக் கீழே இழுத்து வைத்து, காதைப் பொத்திக்கொண்டு, இந்த ஒரு வசனத்தைத்தான் சத்தமாகச் சொன்னேன். சின்னவள் நடுங்குவது நிற்கும்வரை சொன்னேன். எங்கள் வீட்டில் ஒரு ஓடுகூட விழவில்லை. அந்த வசனத்தைத்தான் நீங்கள் தும்புத்தடியால் சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கிறீர்கள்.

கோபம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஜெஸ்மின்


சம்பூர்,
யூலை 16

ஜெஸ்மின்,

துறைமுகப் பக்கமிருந்து வெடித்தது எங்கே போய் விழுந்தது என்று ஆறாவது கோடு போட்டு எழுதினீர்களா?

குடாவைத் தாண்டி இந்தக் கரையில் விழுந்தது. நீங்கள் மேசைக்குக் கீழே, 'நம்மோடிருக்கிறார், நம்மோடிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம் உங்கள் அண்ணா என் தலையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வாய்க்காலுக்குள் படுத்திருந்தார். மண் வந்து முதுகில் கொட்டியது. உங்கள் வீட்டில் ஒரு ஓடும் விழவில்லை, சந்தோஷம். எங்கள் வீட்டில் ஓடு இருந்த இடமே இல்லாமல் போனது.

அந்த 'நம்மோடு' என்பதில் நான் இருந்தேனா? உங்கள் அண்ணா இருந்தாரா? இதை மட்டும் எழுதுங்கள். எழுத ஏலாவிட்டால் கடிதம் வேண்டாம்.

கமலேஸ்வரி


பாலையூற்று,
ஓகஸ்ட் 3

மச்சாள்,

இரண்டு கிழமைக்கு மேல் எழுதவில்லை. ஹஸ்மி நான்கு தரம் வாசலில் வந்து நின்று, "கடிதம் இல்லையா அக்கா? மத்த அக்கா ஒண்டும் கேக்கேல்ல, ஆனா என்ட பையைப் பாக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், இல்லை. மேசைக்குக் கீழே இருந்தபோது அந்தச் சொல்லுக்குள் நானும் என் பிள்ளைகளும்தான் இருந்தோம். உங்களை நினைத்தது வெடிச்சத்தம் நின்ற பிறகு. அண்ணாவின் முகம் அப்போதுதான் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதும்போதும் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது, சொல்ல வைத்துவிட்டீர்கள் என்று.

உங்களைப் பிழையாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கொப்பியைத் திரும்ப எடுத்தேன். உண்மையை எழுதுகிறேன். நீங்கள் பயந்தது வீண் பயம் இல்லை. தீர்க்கதரிசிகள் இந்தப் பெயரைச் சொல்லி, 'ஊரை அழிப்பேன், உங்கள் மேல் ஆட்களை வரப்பண்ணுவேன்' என்று அறிவிக்கிற இடங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே 'என்ன நேரத்தில்' என்ற கோட்டில் நான் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆறுதல் வசனங்களுக்கு மட்டும் நிரப்பியிருக்கிறேன். பதினொரு வருடமாக இதை நான் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் கண்டேன். ஆதியாகமம் தொடங்கி, எத்தனை யுத்தம்! மோசே இந்தப் பெயரைச் சொல்லவில்லை. பட்டணம் பட்டணமாகப் பிடித்த யோசுவா சொல்லவில்லை. நியாயாதிபதிகளில் ஒருவரும் சொல்லவில்லை. ஆண்டவரை இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆளாக என் கொப்பியில் இருப்பது ஒரு பெண். அன்னாள். பிள்ளையில்லாதவள். சாப்பிடாமல் எழும்பிப் போய், கோயிலில் மனம் கசந்து அழுதவள். உதடு மட்டும் அசைந்ததாம், சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவள் குடித்திருக்கிறாள் என்றான்.

புதிய ஏற்பாட்டில் இரண்டே இடம். அதில் ஒன்று கூலி கொடாமல் ஏமாற்றப்பட்ட வயல் வேலைக்காரருடைய கூக்குரல். அது யாருடைய காதில் விழுந்தது என்று சொல்லும்போது இந்தப் பெயர் வருகிறது.

எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது, பிழையென்றால் திருத்துங்கள். கையில் ஒரு சேனையும் இல்லாதவர்கள், எல்லாச் சேனைக்கும் மேலே இருக்கிறவரைக் கூப்பிடுகிற பெயர் இது. அப்படியென்றால் மேசைக்குக் கீழிருந்த என்னைவிட வாய்க்காலுக்குள் கிடந்த உங்களுக்குத்தான் அது கூடுதலாகச் சொந்தம்.

ஆனாலும் நீங்கள் சுண்ணாம்பு அடித்தது பிழை. என்னிடம் கேட்டிருக்கலாம். திறப்பை வாங்கச் சொல்லிக் கமிற்றி என்னிடம் கடிதம் தந்திருக்கிறது. அதை ஹஸ்மியிடம் கொடுக்கவில்லை. குசினி அலுமாரியில், மிளகாய்த்தூள் போத்தலுக்குக் கீழே கிடக்கிறது.

ஜெஸ்மின்


சம்பூர்,
ஓகஸ்ட் 8

ஜெஸ்மின்,

அன்னாளுக்குப் பிள்ளை கிடைத்தது. அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? உங்கள் அண்ணா எனக்கு வாசித்துக் காட்டிய முதல் கதைகளில் அது ஒன்று. அவள் கேட்டாள், பெற்றாள், கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள். நான் கேட்டு, பெற்று, வளர்த்து, சேனைக்குக் கொடுத்தவள். என்னை அவளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

அந்த எரிச்சலில் இரண்டு நாள் உங்கள் கடிதத்தை அடுப்படியில் வைத்திருந்தேன், பற்ற வைப்போம் என்று. மூன்றாம் நாள் திரும்ப வாசித்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 'எல்லாச் சேனைக்கும் மேலே இருக்கிறவர்.'

பதினைந்து வருடமாக எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கியிருப்பேன். படத்தைக் காட்டுவேன். அவர்கள் பார்க்காமலே, "இது எங்களுக்குத் தெரியாது அம்மா, மேலிடத்தில கேளுங்கோ" என்பார்கள். மேலிடம் போனால் அதற்கும் மேலே ஒரு இடம். ஒரு கந்தோரில் கதிரையில் இருந்தவர், "அம்மா, மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு நிம்மதியா இருங்கோவன்" என்றார். கதிரையோடு அவரைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது.

ஆண்டவரிடமும் போனேன்தான். ஆனால் மேய்ப்பரே, பிதாவே என்று போனால் ஆறுதல்தான் கேட்க வருகிறது. தலையைத் தடவிவிடச் சொல்லத்தான் வாய் வருகிறது. அவர்தான் கடைசி மேலிடம் என்று நினைத்து, 'என் பிள்ளை எங்கே, உமக்குக் கீழே இருந்த இரண்டு சேனையும் அவனை என்ன செய்தது, சொல்லும்' என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று நினைத்துவிட்டேன். அந்தப் பேரைப் பார்த்துப் பயந்தது அதனால்தானோ தெரியாது.

சரி. ஹஸ்மி வந்து எழுதட்டும். நான் தொடமாட்டேன்.

ஆனால் ஒன்று. பிரதிஷ்டையன்று, போதகர் ஜெபித்து முடிந்த பிறகு, நான் ஜெபிக்கவேண்டும். வாய் விட்டு. அந்தப் பேரைச் சொல்லி. அது நடக்கும்போது ஒருவரும் பாட்டுப் போடக்கூடாது, என் தோளைத் தடவ வரக்கூடாது. இதற்குக் கமிற்றி ஓம் என்றால் சுவரில் சொல் இருக்கும். இல்லையென்றால் ஹஸ்மி எழுதுகிற ஒவ்வொரு தரமும் நான் அடிப்பேன். அவருக்கு நீலப் பெயின்ற் முடியும், எனக்குச் சுண்ணாம்பு முடியாது.

கமலேஸ்வரி


பாலையூற்று,
ஓகஸ்ட் 14

மச்சாள்,

கமிற்றி ஏலாது என்றுவிட்டது. நிகழ்ச்சிநிரல் அச்சடித்தாகிவிட்டதாம், விருந்தாளிகள் வருகிறார்களாம், நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று பயமாம். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. 'செயலாளர் அறிக்கை, பத்து நிமிடம்' என்று என் பெயர் நிரலில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை மச்சாளுக்குக் கொடுக்கிறேன் என்று எழும்பிச் சொன்னேன்.

போதகர் கேட்டார், "அக்கா, அவ என்ன ஜெபிக்கப்போறா எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியத் தேவையில்லை போதகர். நான் இல்லையே பதில் சொல்லவேண்டிய ஆள்" என்றேன். அந்தப் பத்து நிமிடமும் உங்களுக்குத்தான்.

அன்னாளைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. வசதியானதை மட்டும் எழுதுகிற பழக்கம் எனக்கு இருக்கிறது.

ஜெஸ்மின்


சம்பூர்,
ஓகஸ்ட் 26

ஜெஸ்மின்,

நீங்கள்தான். எனக்குக் கேட்டது. முதல் வரிசை வாங்கு, இடப்பக்கம். வேறு யாருடைய குரலும் இல்லை.

நான் எழும்பி நின்று அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சேனைகளின் கர்த்தரே என்றேன். என் வாயால் முதல் தரம். என் பிள்ளையின் பேரைச் சொன்னேன், கொண்டுபோன நாளைச் சொன்னேன், கையைத் தூக்கிப் போனதைச் சொன்னேன். "அவன் எங்கே?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன்.

முடித்துவிட்டேன் என்று யார் உங்களுக்குச் சொன்னது? கேள்வி கேட்டால் பதில் வர இடம் விட வேண்டாமா? நான் கேட்டுக்கொண்டு நின்றனான் ஜெஸ்மின். கடலில் வள்ளம் ஒன்றின் இயந்திரச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அந்த நேரம் பார்த்து நீங்கள், "ஆமென்."

உடனே முழுச் சனமும் ஆமென். யாரோ கீபோர்டைத் தட்டினார்கள். எல்லாரும் எழும்பிப் பாடினார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு தரம் கேட்ட கேள்வியை ஒரு சொல்லால் மூடினீர்கள். நான் அடித்த சுண்ணாம்பைவிட மோசம். சுண்ணாம்பைச் சுரண்டலாம்.

ஏலியைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தீர்கள். அந்த மனுஷனாவது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கேக் கொண்டு வந்து தந்தீர்கள். அதைக் கோழிக்குப் போட்டேன்.

கமலேஸ்வரி


பாலையூற்று,
ஓகஸ்ட் 28

மச்சாள்,

நான்தான். மறுக்கவில்லை.

நாற்பது வருடப் பழக்கம், ஜெபத்தில் ஒரு இடைவெளி வந்தால் வாய் தானாக ஆமென் சொல்லிவிடும் என்று ஒரு கடிதம் எழுதி முடித்தேன். வாசித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அது பொய். மழை என்று சொன்ன மாதிரிப் பொய்.

நீங்கள் கேட்டுவிட்டு நின்றபோது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வள்ளத்தின் சத்தம் நின்றது எனக்கும் தெரியும். அதன் பிறகு வந்த அமைதியில் எனக்குப் பயம் பிடித்தது. ஒரு பதிலும் வராமலே போய்விட்டால்? விருந்தாளிகள், பிள்ளைகள், உங்கள் பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பேசாமலே இருந்துவிட்டால்? அவருக்கு வெட்கமாகிவிடக்கூடாது என்று நான் முந்திக்கொண்டேன் மச்சாள். எல்லாச் சேனைக்கும் மேலே இருக்கிறவரைக் காப்பாற்றப் பாலையூற்றிலிருந்து நான் போயிருக்கிறேன்.

பதினொரு வருடம் அந்தப் பெயரை எழுதினேன். அதை நான் நம்பவில்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில்தான் தெரிந்தது. நீங்கள் நம்புகிறீர்கள். அதனால்தான் சுண்ணாம்பு அடித்தீர்கள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கோபம் ஆறும்வரை கோபமாக இருங்கள். சொன்ன ஆமெனைத் திருப்பி எடுக்க ஏதும் வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். கமிற்றியின் திறப்புக் கடிதத்தை நேற்று அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டார்கள். கோபிக்கட்டும்.

ஜெஸ்மின்


சம்பூர்,
செப்டெம்பர் 2

ஜெஸ்மின்,

திருப்பி எடுக்க ஏலாது. போனது போனதுதான்.

நான் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். பிரதிஷ்டைக்கு அடுத்த நாளே, உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து தொடங்கினேன். காலை கோழிகளைத் திறந்துவிட்டு, கோயிலைக் கூட்டி, கதவைச் சாத்திவிட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அழுவதில்லை. முழங்காலிலும் நிற்பதில்லை, அவ்வளவு நேரம் முழங்கால் தாங்காது. வாங்கில் இருந்துகொண்டு, கந்தோரில் காத்திருக்கிற மாதிரி. கேட்டதையே கேட்கிறேன். பிறகு பேசாமல் இருக்கிறேன். ஆமென் சொல்லாமல் எழும்பி வந்து சமைக்கிறேன். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஏழு நாளாக ஒரே ஜெபம்தான் நடக்கிறது.

பதில் இன்னும் வரவில்லை. உங்களுக்குப் பயமாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயமில்லை. எனக்குக் கோபம்தான். கோபம் இருக்கும்வரை நான் எழும்பிப் போகமாட்டேன், அதை அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

புதன்கிழமை வாருங்கள். தனியாக வாருங்கள், கொப்பி வேண்டாம். எனக்குப் பக்கத்தில் இருக்கலாம். இருமலாம், தும்மலாம். வாயைத் திறந்து ஆமென் என்றால் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுவேன், திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.

சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாரோ தெரியாது.

கமலேஸ்வரி